புழுவுக்குத் தெரியும் ஆண்பால் பெண்பால்

(டிஸ்கி 1: சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். டிஸ்கி 2: நான் மருத்துவன் இல்லை. மருந்துச் சோதனைகளில் சேருகிற எண்களைக் கணினியில் மேய்க்கிற வேலை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம்.)

தில்லி, குர்காவ்ன், நொய்டா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழு என்றால் வழக்கமாக என்ன இருக்கும்? காலை வணக்கம், கோயில் கும்பாபிஷேகம், ஊருக்குப் போக யாருக்காவது ரயில் டிக்கெட் வேண்டுமா, இப்படித்தான். போன மாதம் எங்கள் குழுவில் ஒரு புழு வந்து விழுந்தது.

செய்தி இதுதான்: "நாடாப்புழு பெண்கள் உடம்பில்தான் வேகமாகப் பெருகும். ஆண் ஹார்மோன் அதைக் கொல்லும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள். எனவே வீட்டுப் பெண்களுக்கு மாதம் ஒருமுறை கீழ்க்கண்ட பொடியைக் கொடுக்கவும்." கீழே பொடியின் படம், விலை, போன் நம்பர்.

உடனே ஒரு மாமா, "அதான் அந்தக் காலத்துலயே பெரியவங்க சொன்னாங்க, பொம்பளை உடம்பு பலவீனமான உடம்புன்னு" என்று ஒரு கும்பிடு பொம்மையோடு ஆமோதித்தார். இன்னொருவர், பெரிய படிப்பு படித்தவர், "எல்லாம் புருடா. புழுவுக்கு என்ன ஆம்பளை பொம்பளை தெரியுமா? வேற வேலை இல்லையா?" என்று ஒரே வரியில் கதையை முடித்தார்.

மக்களே, இரண்டு பேரும் தப்பு. இதில் எனக்கு மாமா மேல் வருத்தம்தான், படித்தவர் மேல்தான் கோபம். மாமா சொன்னதை நாலு பேர் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். படித்தவர் சொன்னதைத்தான் மருத்துவ உலகம் ரொம்ப நாளாக நம்பி வந்திருக்கிறது. அதில் அடிபடுவது நம் வீட்டுப் பெண்கள். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க.

சுண்டெலி சொன்ன கதை

அந்த வாட்ஸப் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் லரால்தே, ஹோர்ஹே மொராலெஸ்-மோந்தோர் ஆகியோரின் குழுக்கள் பல வருடங்கள் உழைத்துச் செய்த வேலை அது. அவர்கள் எடுத்துக்கொண்ட புழுவின் பெயர் டீனியா கிராசிசெப்ஸ். இது நரிகளின் குடலில் வாழும் நாடாப்புழு. இதன் குட்டிப் பருவம், அதாவது நீர்ப்பை மாதிரி இருக்கும் பருவம், எலி வகைகளின் உடம்பில் கழியும். இந்த நீர்ப்பைகளைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் விட்டால், செடி கிளை விடுகிற மாதிரி மொட்டு விட்டுப் பெருகும். வயிற்றைத் திறந்து எண்ணினால் எத்தனை பெருகியது என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேண்டுமா!

எண்ணிப் பார்த்தார்கள். பெண் சுண்டெலியில் புழு அதிகம், ஆண் சுண்டெலியில் குறைவு. சரி, காரணம் ஹார்மோன்தானா? ஆணின் விதைகளை நீக்கினால் ஆணிலும் பெண்ணில் இருக்கிற அளவுக்குப் புழு பெருகுகிறது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இன்னும் கூடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன் கொடுத்தால் குறைகிறது. ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் தமோக்சிஃபென் கொடுத்தபோதும் குறைந்தது (மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பார்களே, அதே மருந்து).

இதோடு முடிந்திருந்தால் மாமா சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அடுத்து நடந்தது மாமா எதிர்பார்க்காதது. ஆண் சுண்டெலியில் புழு சில வாரங்கள் தங்கிவிட்டால், அந்த ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 90 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ராடையால் சுமார் 200 மடங்கு ஏறிவிடுகிறது. பெட்டையை நாடுவதையும் அந்த ஆண் படிப்படியாக விட்டுவிடுகிறது. கடைசியில் ஆணிலும் பெண்ணிலும் புழுவின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது.

வாடகைக்கு வந்தவன் வீட்டுச் சுவரை இடித்துத் தன் வசதிக்கு மாற்றிக் கட்டின மாதிரி. ஆண் ஹார்மோன் புழுவைக் கொல்லும் என்று பொடிக்காரர் சொல்கிறாரே, அந்த ஆண் ஹார்மோன் இருந்த இடத்திலேயே அதை இல்லாமல் ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது புழு.

சுண்டெலியை விடுங்கள், ஆய்வகம் வேறு, நிஜ உலகம் வேறு என்பீர்கள். நியாயம். அதே மெக்சிகோவில் கிராமத்துப் பன்றிகளையும் பார்த்தார்கள். இந்த முறை புழு டீனியா சோலியம், அதாவது பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவே சுற்றுகிற, நம் மூளை வரைக்கும் போகிற நாடாப்புழு. யாரும் ஊசி போட்டுப் புழுவைச் செலுத்தவில்லை. தெருவில் மேய்ந்து தானாகத் தொற்றியவைதான். காயடித்த ஆண் பன்றிகளில் இந்தத் தொற்று காயடிக்காதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சினையாக இருந்த பெண் பன்றிகளிலும் சினையில்லாதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2002-ல் வெளிவந்த ஆய்வு இது.

புழுவுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்று கேட்ட படித்தவரே, தெரிகிறது சார். நன்றாகவே தெரிகிறது.

மாமாவுக்கு ஒரு எலி

இப்போது மாமாவிடம் வருவோம். "பார்த்தியா, அறிவியலே சொல்லிடுச்சு" என்று அவர் துள்ளுவதற்குள் இன்னொரு நாடாப்புழுவை அறிமுகப்படுத்துகிறேன்.

ஹைமனோலெபிஸ் டிமினியூட்டா. எலியின் நாடாப்புழு. தானியத்தில் இருக்கும் வண்டுகள் வழியாக எலிக்குப் போய், அங்கே குடலில் முழுசாக வளர்ந்து முட்டை போடும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் கல்வி நிறுவனத்தில் ஏசா சாண்ட்லர் என்ற ஒட்டுண்ணியியல் பேராசிரியர் இருந்தார். 1920-களில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கொக்கிப்புழு ஆராய்ச்சி செய்தவர் (நம்ம நாட்டுப் புழுக்களிடம் பாடம் கற்றவர் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம் :-)). 1940-களில் அவரும் அடிஸ் என்ற ஆய்வாளரும் எலிகளுக்கு வைட்டமின் இல்லாத தீனி போட்டு நாடாப்புழுவை வளர்த்துப் பார்த்தார்கள்.

பெண் எலியில் இருந்த புழு குன்றிப்போனது. ஆண் எலியில் இருந்த புழு ஜம்மென்று வளர்ந்தது. 1946-ல் அடிஸ் தனியாக ஹார்மோன் சோதனையை வெளியிட்டார். ஆண் எலியின் விதையை நீக்கினால் அதிலிருந்த புழுவும் குன்றியது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டதும் புழு பழையபடி தேறியது.

கவனித்தீர்களா? சுண்டெலியில் ஆண் ஹார்மோன் புழுவுக்கு எதிரி. எலியில் அதே ஆண் ஹார்மோன் புழுவுக்கு ஊட்டம். ஒன்று குட்டிப் பருவத்தில் வயிற்றறைக்குள் இருக்கிற புழு, இன்னொன்று வளர்ந்து குடலில் இருக்கிற புழு. புழு மாறினால், பருவம் மாறினால், தங்குகிற இடம் மாறினால் கணக்கே தலைகீழாகிறது.

ஆகவே மாமா, "பொம்பளை உடம்பு பலவீனம்" என்ற முடிவுக்கு இங்கே இடமே இல்லை. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் எலிப் புழுவைக் காட்டி "ஆம்பளை உடம்பு பலவீனம்" என்றும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. ஒரு ஆராய்ச்சியில் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் கிழித்தெடுத்து வைத்துக்கொள்வதற்குப் பெயர் அறிவியல் இல்லை.

எப்படித்தான் தெரிகிறது?

நாடாப்புழுவுக்கு வாய் கிடையாது, குடல் கிடையாது. உடம்பு முழுக்க இருக்கும் தோல் வழியாகத்தான் சாப்பாட்டை உறிஞ்சுகிறது. நம் உடம்புக்குள் மிதக்கிற எல்லாமே அந்தத் தோலைத் தொட்டுத்தான் போகிறது, ஹார்மோன் உட்பட. டீனியா வகைப் புழுக்களின் நீர்ப்பைகளுக்கு, கிடைக்கிற மூலப்பொருளை வைத்துத் தாமே பாலியல் ஹார்மோன் தயாரித்துக்கொள்ளும் திறமையும் இருக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் பட்டால், டீனியா சோலியத்தின் நீர்ப்பை தலையை வெளியே நீட்டுகிறது என்று 2010-ல் மெக்சிகோ குழுவே காட்டியது. குட்டிப் பருவத்திலிருந்து வளர்ந்த பருவத்துக்கு மாறுவதன் முதல் படி அது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புழு தானே ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறவி. முதிர்ந்த ஒவ்வொரு துண்டத்திலும் ஆண் உறுப்புகளும் உண்டு, பெண் உறுப்புகளும் உண்டு. தனக்குள் பேதம் வைத்துக்கொள்ளாத ஜீவன், தான் தங்கியிருக்கும் உடம்பு எந்தப் பால் என்பதை மட்டும் விடாமல் கவனிக்கிறது.

இன்னொரு வழி நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி. பாலியல் ஹார்மோன்கள் எதிர்ப்பு சக்தியின் போக்கையே திருப்பிவிடுகின்றன. சுண்டெலியில், புழுவை ஆரம்பத்திலேயே அடக்குகிற வகை எதிர்ப்பு ஆணில் பலமாகவும், பெண்ணில் வேறு திசையில் சாய்ந்தும் இருந்தது. ஆக ஹார்மோன் புழுவோடு நேராகவும் பேசுகிறது, நம் சிப்பாய்கள் மூலமாகவும் பேசுகிறது.

சரி, இதில் நமக்கு என்ன?

இருக்கிறது. டீனியா சோலியத்தின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால் அதன் குட்டிப் பருவம் ரத்தத்தில் ஏறி மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் விளைவுதான் வலிப்பு. இந்தப் புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏதோ பீகார், உத்தரப் பிரதேசக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம வேலூர் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பிலும், வலிப்பு வந்துகொண்டிருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தப் புழுவின் அடையாளம் இருந்தது.

"நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வரும்?" இந்தக் கேள்வியை வடக்கே வந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். பன்றிக்கறியை வேகாமல் தின்றால் வருவது குடலில் வாழும் பெரிய புழு. மூளைக்குப் போவது முட்டையிலிருந்து வருவது. முட்டை எங்கே இருக்கும்? குடலில் புழு உள்ளவரின் மலத்தில். அது கழுவாத கையில் வரலாம், தண்ணீரில் வரலாம், பச்சையாகத் தின்கிற கீரையில் வரலாம். இதற்குப் பன்றியைப் பார்த்திருக்கவே வேண்டாம். பன்றிக்கறியைத் தொடாத நியூயார்க் நகர யூதக் குடும்பங்களிலேயே 1990-களின் ஆரம்பத்தில் இந்த நோய் வந்து மருத்துவர்களைத் திகைக்க வைத்தது.

(இங்கே எல்லாரும் பாவப்பட்ட முட்டைக்கோஸைத் திட்டுகிறார்கள். 'பத்தா கோபி'யில் நெளிகிற பச்சைப் புழு அந்துப்பூச்சியின் குட்டி. அதற்கும் நாடாப்புழுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நன்றாகக் கழுவி வேகவைத்தால் கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம்.)

இப்போது ஆண் பெண் விஷயம். மூளையில் புழு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய ஆபத்து, அதை எதிர்த்து மூளையில் வருகிற வீக்கம். மூளையில் நிறைய நீர்ப்பைகள் ஏறி, மூளையே வீங்கிப்போகிற மோசமான வகை ஒன்று உண்டு. அது குழந்தைகளிடமும் இளம் பெண்களிடமும்தான் அதிகம் காணப்படுகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சோதித்தபோதும் பெண்களிடம் அழற்சி அதிகமாக இருந்ததை மெக்சிகோ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சுண்டெலியில் பெண்ணிடம் புழு எண்ணிக்கை அதிகம். மனிதரில் பெண்ணிடம் புழுவுக்கு எதிரான சண்டை அதிகம். இரண்டும் வேறு வேறு விஷயம், போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன: நோயாளி ஆணா பெண்ணா என்பது விண்ணப்பத்தில் டிக் அடித்துவிட்டு மறந்துபோகிற விஷயம் இல்லை.

குப்பைத்தொட்டிச் சொல்

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண். கல்லூரி இரண்டாம் வருடம். கும்பகோணத்துக் குடும்பம். ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்து, கையும் காலும் இழுத்துக்கொண்டது. பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். (பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.) பணியில் இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டார். பரீட்சை நேரமா? ஆமாம. பீரியட்ஸா? ஆமாம். "ஹார்மோன் பிராப்ளம், டென்ஷன், சரியாயிடும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து இரண்டாவது முறை. இந்தத் தடவை வேறொரு மருத்துவர். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையில் ஒரே ஒரு நீர்ப்பை, சுற்றிலும் வீக்கம். வலிப்பைத் தடுக்கும் மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, அப்புறம் கண்காணிப்போடு அல்பெண்டசோல். இப்போது நன்றாக இருக்கிறாள், படிப்பையும் விடவில்லை. அவள் அம்மா என் தங்கமணியிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "நாங்க வெங்காயம் பூண்டு கூடச் சேத்துக்க மாட்டோமே!" அடுத்தது, "ஊர்ல யாருக்கும் சொல்லிடாதீங்கோ."

எனக்கு எரிச்சல் வந்தது அந்த முதல் மருத்துவரின் "ஹார்மோன்" என்ற சொல் மேல். பெண்ணுக்கு என்ன வந்தாலும், காரணம் தேட மனசில்லையென்றால் போட்டு மூடுகிற குப்பைத்தொட்டிச் சொல்லாக அதை ஆக்கிவைத்திருக்கிறோம். தலைவலியா, ஹார்மோன். அழுகையா, ஹார்மோன். வலிப்பா, அதுவும் ஹார்மோன், வீட்டுக்குப் போ.

உண்மையிலேயே ஹார்மோனைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. ஈஸ்ட்ரோஜன் மூளை நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, புரோஜெஸ்டிரோன் அமைதிப்படுத்துகிறது. மாதவிடாயை ஒட்டி புரோஜெஸ்டிரோன் சட்டென்று குறையும்போது, ஏற்கனவே மூளையில் புண் உள்ள சில பெண்களுக்கு வலிப்பு அந்த நாட்களில் கூடுகிறது. இது மருத்துவத்துக்குப் புதிதில்லை. லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் 1857-லேயே மாதவிடாயோடு வரும் வலிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆக "பீரியட்ஸ் சமயத்தில் வந்தது" என்பது ஸ்கேன் எடுக்காமல் அனுப்புவதற்குக் காரணம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கான காரணம் அது.

ஹார்மோன் என்று சொல்லிப் பெண்ணைத் துரத்துவார்கள். ஆராய்ச்சி செய் என்றால் ஹார்மோன் தொல்லை என்று பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். இது என்ன நியாயம்?

எங்கள் தொழிலின் லட்சணம்

இரண்டாவதாகச் சொன்னேனே, அது சும்மா வாய்க்கு வந்த குற்றச்சாட்டு இல்லை. 2009-ல் வெளியான விலங்கு ஆய்வுகளை எடுத்து எண்ணி, 2011-ல் அன்னலீஸ் பீரி, இர்விங் சக்கர் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நரம்பியலில், பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று என்றால், ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தது ஐந்தரை. மூளைக்கான மருந்துகளின் முதல் படியே இப்படி.

கேட்டால் என்ன சொல்வார்கள்? "பெண் விலங்குக்குச் சுழற்சி இருக்கிறது, ஹார்மோன் ஏறி இறங்கும், எண்கள் சீராக வராது." 2014-ல் அதையும் சரிபார்த்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் எண்களைத் திரட்டிப் பார்த்ததில், பெண் சுண்டெலியின் எண்கள் ஆண் சுண்டெலியின் எண்களைவிட அதிகமாக ஒன்றும் அலையவில்லை. அதே 2014-ல்தான் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம், விலங்கு ஆய்வுகளிலும் இரு பாலையும் கணக்கில் எடுக்கச் சொல்லப்போவதாக அறிவித்தது. 2016-ல் நிதி விண்ணப்பங்களுக்கு அது விதியானது. அடிஸ் எலியில் காட்டியது 1946-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: எழுபது வருடம்!

என் மேசைக்கு வருகிற கோப்புகளில் 'பால்' என்று ஒரு பத்தி எப்போதும் உண்டு. வயது, எடை, பால். முதல் இரண்டையும் வைத்து விதவிதமாகப் படம் போடுவார்கள். மூன்றாவது, எத்தனை பேர் ஆண், எத்தனை பேர் பெண் என்று முதல் அட்டவணையில் ஒரு வரியாக வந்துவிட்டு மறைந்துவிடும். மருந்து ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி என்று பிரித்துப் பார்க்கலாமே என்றால், "ஆள் எண்ணிக்கை போதாது" என்பார்கள். ஆள் எண்ணிக்கையை முடிவு செய்தது யார்? நீங்கள்தானே ஐயா! கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை, அதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சினைப் பன்றியில் தொற்று இரண்டு மடங்கு என்று கண்ணெதிரே இருக்கும்போது, நோய் வந்த கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து குறித்து வைப்பதற்கு என்ன தடை? யாருக்கும் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுக்க வேண்டாமே. எழுதி வைத்தால் போதும்.

"இதெல்லாம் நுணுக்கம். முதலில் கழிப்பறை கட்டு, கை கழுவச் சொல், பன்றிக்குத் தடுப்பூசி போடு. ஹார்மோனை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு வாதம் வரும். முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. சுகாதாரம்தான் இந்தப் புழுவை ஒழிக்கும், ஹார்மோன் ஒழிக்காது. ஆனால் கழிப்பறை கட்டுவதற்கும் கோப்பில் ஏற்கனவே இருக்கிற ஒரு பத்தியைத் திறந்து பார்ப்பதற்கும் என்ன போட்டி? செங்கலும் சிமெண்டும் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுக்குள்ளே

மருத்துவ உலகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. நம் வீடுகளிலும் அதே குப்பைத்தொட்டி இருக்கிறது. பையனுக்கு ஃபிட்ஸ் வந்தால் அது 'நோய்'. பெண்ணுக்கு வந்தால் அது 'குறை'. ஊர் விட்டு ஊர் வந்தவர்களிடம் இது இன்னும் மோசம். இங்கே விசாரிக்க யாரும் இல்லை என்பதால் மறைப்பது சுலபம். ஊரில் வரன் பார்க்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் 'வலிப்பு' என்ற சொல் ஒரு தடையாக நுழைந்தது. 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் கைவிட்டதை நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தால் என்ன ஆகிறது? புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமே என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்துகிறாள். மறுபடி வலிப்பு வருகிறது. அல்லது மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள், மகப்பேறு மருத்துவரிடம் சொல்வதில்லை. சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். வால்புரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். இவற்றை மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் சொன்னால்தானே மருத்துவர் மாற்றுவார்?

மூளையில் ஒரே ஒரு நீர்ப்பை உள்ளவர்களில் பலருக்கு அது கரைந்து, ஒரு காலத்துக்குப் பிறகு மருந்தையே நிறுத்திவிட முடிகிறது. அதைப் போய் ஆயுள் முழுக்கச் சுமக்கிற ரகசியமாக்குவது புழுவா, நாமா?

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, வீட்டில் யாருக்காவது முதல்முறை வலிப்பு வந்தால், ஆணோ பெண்ணோ, காரணம் தேடச் சொல்லிக் கேளுங்கள். "ஹார்மோன்" என்று பதில் வந்தால், "எந்த ஹார்மோன், எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, ஸ்கேன் ஏன் வேண்டாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும்.

இரண்டு, பெண்ணாக இருந்தால் வலிப்பு வந்த தேதியையும் மாதவிடாய்த் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். கருத்தடை மாத்திரை, கர்ப்பம், கர்ப்பத் திட்டம், எதையும் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மூன்று, நம் குழுக்களில் ஆராய்ச்சிப் படிப்பு, மருத்துவப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். தம்பி, தங்கச்சிகளே, உங்கள் ஆய்வில் அந்த மூன்றாவது பத்தியைத் திறந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான். பார்க்காமலே "எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதாதீர்கள்.

பி.கு: அந்தப் பொடியை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று உறையில் இல்லை. புழுவைக் கொல்லும் எந்த மருந்தையும் வலிப்பு வந்தவர்கள் ஸ்கேன் பார்க்காமல் தாமாகச் சாப்பிடக் கூடாது. மூளையில் நீர்ப்பை ஒரேயடியாகச் சாகும்போது வீக்கம் ஏறி வலிப்பு கூடலாம். கண்ணில் இருந்தால் பார்வையே போகலாம். மருத்துவர்களே ஸ்டீராய்டு பாதுகாப்போடு நிதானமாகக் கொடுக்கிற மருந்து அது. மாமா, உங்கள் வீட்டு அலமாரியில் மூன்று டப்பா இருப்பதாக மாமி சொன்னார். தயவுசெய்து இன்றைக்கே குப்பையில் போடுங்கள். காசு போனால் போகட்டும்.